போன் அடித்தால் எடுக்கும் வேலை: மலைவாசிகளுக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள். பி.சி.ஏ. முடித்து பீரோவுக்குள் படுத்துக் கிடந்த உங்கள் சான்றிதழுக்கு ஒருவழியாக வேலை வந்துவிட்டது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கையில், கைப்பேசியில் இரண்டு கோடு சிக்னல் எட்டிப் பார்த்த அந்த நிமிடத்தில் மெயில் இறங்கியது: அசோசியேட் டெக்னிக்கல் சப்போர்ட் இன்ஜினியர், லெவல் 1. வீட்டிலிருந்தே வேலை. தேவைப்படும்போது ஆன்-கால் டியூட்டி. பதவியின் பெயர் எவ்வளவு நீளமோ சம்பளம் அவ்வளவு குட்டை என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதை விடுங்கள். ஏழு நாளுக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். பதற்றப்படாமல் கீழ்க்கண்ட முறைப்படி நடந்துகொள்ளவும்.

யாரிடம் யோசனை கேட்பது

வீட்டில் கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது. கேட்டால் எடுக்கவே முடியாது. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கவர்மென்டா?" இல்லை என்றதும் அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது, சாமைக் கொல்லையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். அம்மா, "வீட்டுலயே இருந்துக்கலாமா?" என்பார். ஆமாம் என்றால் பாதிச் சம்மதம். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் இருட்டில் உட்கார்ந்து, யாரோ ஒருவரிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதை முதல் தடவை பார்க்கும்போது அந்தப் பாதியும் போய்விடும்.

டீக்கடையிலும் கேட்டு வையுங்கள். "போன்ல பேசறதுக்குச் சம்பளமா? அப்ப நம்ம ஊர்ல வேலை இல்லாதவன் எவன்டா இருக்கான்?" என்று ஒரு பெரியவர் கேட்பார். இந்த வேலையைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஆலோசனைகளில் ஓரளவு உருப்படியானது அதுதான். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன், "சேந்துடு, எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கும்" என்பார். அவருக்கு அதே எக்ஸ்பீரியன்ஸ் எத்தனை மாதம் கிடைத்தது, ஏன் அத்தோடு நின்றது என்பதையும் விடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

சிக்னல் எங்கே குடியிருக்கிறது

ஆஃபர் லெட்டரில் 'தடையற்ற இணைய வசதி பணியாளரின் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கும். சென்னையில் இருப்பவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடலாம். நம்மியம்பட்டிலோ கோவிலூரிலோ இருப்பவர் அந்த வரியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் உண்டா? ஜன்னலில்? புளியமரத்தடியில்? பாறைமேல்? 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக மலைப்பிள்ளைகள் பாறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஏறினார்களே, அந்த அனுபவம் இங்கே தகுதியாகக் கொள்ளப்படும்.

அரசாங்கம் சும்மா இல்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டம் நடக்கிறது. ஆனால் அது ஊராட்சியைத்தான் எண்ணும். மலையில் ஓர் ஊராட்சி என்பது மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள். கேபிள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து சேரலாம். அங்கிருந்து உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும் தூரம் எந்தத் திட்ட அறிக்கையிலும் ஏறாத தூரம்.

இப்போது அளக்க வேண்டியது ஒன்று உண்டு. அழைப்பு வந்து 15 நிமிடத்துக்குள் டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, எடுத்துக்கொண்டதாகப் பதில் போட வேண்டும் என்பது பல கம்பெனிகளில் வழக்கம். ஆகவே ராத்திரி ஒரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருங்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் பாறைக்குப் போங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்ட கைப்பேசியைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, ஹாட்ஸ்பாட் போட்டு, வி.பி.என். பச்சை நிறத்துக்கு மாறும்வரை நேரம் பாருங்கள். பதினைந்துக்குள் முடிந்தால் வேலைக்குத் தகுதி. பதினாறு என்றால் வேறு கிளை பார்க்கவும். வழியில் கரடி வந்தால் அதைத் தனி டிக்கெட்டாகப் பதிவு செய்ய முடியாது; அதற்கான பிரிவு அந்த மென்பொருளில் இல்லை.

கரன்டையும் யோசியுங்கள். உங்கள் கம்பெனி தன் வாடிக்கையாளருக்கு 99.9 சதவீதம் சேவை என்று எழுதிக் கொடுத்திருக்கும். முப்பது நாள் மாதத்தில் 43 நிமிடம்தான் சேவை படுக்கலாம் என்று அதற்கு அர்த்தம். மழைக்காலத்தில் லைன்மேல் ஒரு மரம் சாய்ந்தால், ஒயர்மேன் கீழிருந்து வந்து சேர்வதற்குள் அந்த 43 நிமிடம் பலமுறை போய்விடும். இன்வெர்ட்டர் யார் செலவு என்று கேளுங்கள். உங்கள் செலவுதான். ஆனாலும் கேளுங்கள்.

சம்பளத்தைப் பிரித்துப் பார்ப்பது

சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 என்று வகுத்து, மாமாவிடம் போனில் சொல்லியும் விட்டீர்கள். இனி கழித்தல். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால், கம்பெனி உங்களுக்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,200, அந்த இருபதுக்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி என்று 481 ரூபாய் ஒதுக்குவார்கள். 21,000க்குக் கீழ் சம்பளம் என்பதால் இ.எஸ்.ஐ. உண்டு, கம்பெனி பங்கு 3.25 சதவீதம், அதுவும் உள்ளேதான். அதன்பின் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம். கையில் வருவது ஏறக்குறைய 16,400. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பி.எஃப். உங்கள் பணம்தான், இ.எஸ்.ஐ. அட்டை வீட்டில் ஒருவர் படுத்தால் கைகொடுக்கும். மாமாவிடம் சொன்ன எண்ணை மட்டும் திருத்திவிடுங்கள். இல்லையென்றால் கல்யாணப் பேச்சில் அந்த 20,000 வட்டியோடு வந்து நிற்கும்.

கடிகாரத்தைத் திருப்புவது

வாடிக்கையாளர் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் என்றால், அவர் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்து கம்ப்யூட்டரைத் தட்டும்போது உங்களுக்கு மாலை ஆறரை. அவர் ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உங்களுக்கு விடிகாலை இரண்டரை. இது வெயில் காலக் கணக்கு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து ஜவ்வாது மலையில் உங்கள் ராத்திரிச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மார்ச் இரண்டாம் ஞாயிறு திரும்ப முன்னால் வரும். ஏன் என்று அம்மாவுக்கு விளக்க முயல வேண்டாம்.

இந்த மலைக்கு ராத்திரி வேலை புதிதில்லை. காவலூரில் 1968லிருந்து தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஆட்கள் ராத்திரி முழுக்க முழித்திருக்கிறார்கள். 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்க்கக் காத்திருந்தபோது, கோள் வந்து சேர்வதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கி மீண்டதைப் பதிவு செய்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1986இல் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்து, வானாய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அந்த ராத்திரி வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. மேகம் மூடிவிட்டால் வானத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. உங்கள் வேலையில் மேகம் என்பதே கம்ப்யூட்டர் சர்வர்கள் இருக்கும் இடத்தின் பெயர். அது மூடினால்தான் உங்களுக்கு அழைப்பே வரும்.

காத்திருப்புக்கு விலை போடுவது

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. டீக்கடைப் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. போனில் பேசுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். பேசாமல் இருப்பதற்கு என்ன தருகிறார்கள் என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது.

லெவல் 1 ஆள் போனில் செய்யும் வேலை கஷ்டமானது அல்ல. "ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தீர்களா?" என்று கேட்க வேண்டும். பார்த்துவிட்டேன் என்பார்கள். பார்த்திருக்க மாட்டார்கள். பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்பவரிடம், கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று அவர் மனம் நோகாமல் கேட்கத் தெரிய வேண்டும். அதையும் தாண்டிய சிக்கல் என்றால் லெவல் 2க்கு எஸ்கலேட் செய்ய வேண்டும். லெவல் 2 ஆள் போனை எடுக்க மாட்டார். அதுவரை "எங்கள் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று அரை மணிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். குழு என்பது நீங்கள்தான். பார்த்துக்கொண்டிருப்பது கைப்பேசியை.

இதெல்லாம் அழைப்பு வந்தால். வராத ராத்திரிகளில்தான் வேலை கனக்கும். ஆன்-கால் வாரத்தில் பீமன் அருவிக்குக் குளிக்கப் போக முடியாது; அங்கே சிக்னல் போனால் போனதுதான். கொல்லையில் அறுப்பு என்றால் அறுவாளும் கையுமாக நின்றாலும் காது மட்டும் பாக்கெட்டில் இருக்கும். போளூரில் கல்யாணம் என்றால் லேப்டாப் பையோடு பந்தியில் உட்கார வேண்டும். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்கும் அந்த நேரம் முழுக்க, அடிக்கக் கூடாது சாமி என்று கும்பிட்டபடி போக வேண்டும். போன் ஒருமுறைகூட அடிக்காமல் போகலாம். அப்படிப்பட்ட வாரத்துக்கு, "வேலையே இல்லையே, சும்மாதானே இருந்தீங்க" என்பார் மேனேஜர்.

பேப்பரில் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். ஷிப்ட் 48 மணி நேரம் போனால் மீதி 120. ஆன்-கால் வாரத்துக்கு அலவன்ஸ் 1,500 ரூபாய் என்றால் மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய் ஆகிறது. ஏறக்குறைய ஒரு டீ. மணிக்கொரு டீக்கு உங்கள் தூக்கத்தையும் குளியலையும் பந்தியையும் வாடகைக்கு விட உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் தப்பில்லை; டீ வேண்டியிருக்கும் காலம் எல்லோருக்கும் உண்டு. 'அலவன்ஸ் சி.டி.சி.யில் அடக்கம்' என்று எழுதியிருந்தால் டீயும் கிடையாது.

பெல்ஜியத்தில் நிவெல் என்ற ஊரில் ஒரு தீயணைப்புக்காரருக்கு இதே கேள்வி வந்தது. வீட்டில்தான் இருந்தார், ஆனால் கூப்பிட்டால் எட்டு நிமிடத்தில் நிலையத்தில் நிற்க வேண்டும். 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், இவ்வளவு கட்டிப்போட்டு வீட்டில் உட்காரவைத்தால் அந்தக் காத்திருப்பும் வேலை நேரம்தான் என்றது. அதற்குக் கூலி எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டது. பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும், வேலை முடிந்தபின் ஆபீஸ் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் கொடுத்தன. நம்மூரில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. மேலே போனால் இரட்டிப்புக் கூலி. 2021இல் அதே சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம். நீங்கள் ஏற்கெனவே பாறைமேல் உட்கார்ந்திருப்பதால் உங்களுக்கு அதில் பயன் குறைவு.

மேனேஜரிடம் பெல்ஜியக் கதையை முதல் நாளே எடுத்து விட வேண்டாம். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என் முறை வரும், ரோஸ்டரில் எத்தனை பேர், நான் எடுக்க முடியாவிட்டால் அடுத்து யாருக்குப் போகும், ராத்திரி வேலை பார்த்தால் மறுநாள் லீவா என்ற நான்கையும் மெயிலில் கேட்டு மெயிலிலேயே பதில் வாங்குங்கள். ரோஸ்டரில் இரண்டே பேர் என்றால், ஒருவர் விலகிய மறுநாளிலிருந்து அது உங்கள் பெயருக்கு எழுதிக்கொடுத்த பட்டா.

பெரிய மழை பிடிக்கும் நாள்

எப்போதாவது உலகமே ஒரே நேரத்தில் போன் அடிக்கும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி, நம் நேரப்படி காலை ஒன்பதரை மணியைத் தாண்டி ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு உறைந்து நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தவறை ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்தக் கம்பெனி திருத்திவிட்டது. ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட பல கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக, கையால், சேஃப் மோடில் திறந்து ஒரு ஃபைலை அழித்துத்தான் எழுப்ப முடிந்தது. எழுப்பியது யார்? பதவிப் பெயர் நீளமான, சம்பளம் குட்டையான ஆட்கள்தான். அன்று அவர்களுக்குக் கிடைத்த மரியாதை திங்கட்கிழமை வரை தாக்குப்பிடித்திருக்கும்.

பணம் கேட்டால்

லேப்டாப்புக்கு டெபாசிட், டிரெயினிங்குக்குக் கட்டணம், சான்றிதழ் சரிபார்க்கச் செலவு என்று எந்தப் பெயரில் ஒரு ரூபாய் கேட்டாலும் அது வேலை அல்ல. போனை வைத்துவிட்டு மறுபடி சாமைக் கொல்லைக்குப் போங்கள். அசல் சான்றிதழைக் கொடுத்துவைக்கச் சொன்னாலும் அப்படியே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும்; வாட்ஸ்அப்பில் வந்த படத்தோடு திருப்திப்பட வேண்டாம். பாண்ட் விஷயத்தில் மட்டும் கவனம். 'அதெல்லாம் கோர்ட்டுல நிக்காது' என்பது ஹாஸ்டல் ஞானம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விட்டுப் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லும் என்றே சொன்னது. கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தை முழுசாகப் படியுங்கள்.

ஏற்றுக்கொள்ளவும் காரணம் உண்டு

இவ்வளவு படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். இந்த மலைக்கு இதைவிட மோசமான ஆஃபர்கள் வந்திருக்கின்றன. நல்ல கூலி, மரம் வெட்டும் வேலை என்று சொல்லி ஏஜென்ட்கள் ஆட்களை ஆந்திராவுக்கு ஏற்றிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருபது பேர் செத்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்த வேலைக்கு நியமனக் கடிதம் கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, எடுத்துப் பேசப் போனும் கிடையாது. இதைக் கேலிக்குள் கொண்டுவர எனக்கு மனம் இல்லை. மலையை விட்டு இறங்காமல், பெயர் பதிவேட்டில் ஏறி, மாதம் தவறாமல் பேங்கில் விழும் 16,400 இங்கே சின்னத் தொகை அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

ஊரிலிருந்தே இந்த வேலை நடக்கும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011இல் கடை போட்டு, இன்று கிராமத்துப் பிள்ளைகளை வைத்தே உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. லெவல் 1இல் ஒன்றரை வருடம் உட்கார்ந்து, டிக்கெட்டை மூடுவதோடு நிற்காமல் அது ஏன் திறந்தது என்று பார்க்கிறவருக்கு லெவல் 2 தூரமில்லை. அப்போது நீங்களும் போனை எடுக்காமல் இருக்கலாம்.

ஆக முறை இதுதான். பாறைக் கணக்கு பதினைந்து நிமிடத்துக்குள், ரோஸ்டரில் நான்கு பேருக்குக் குறையாமல், அலவன்ஸ் சி.டி.சி.க்கு வெளியே, பாண்ட் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். இதில் இரண்டு இடித்தால் பேரம் பேசுங்கள். நான்கும் இடித்தால் டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தைத் தூசி தட்டுங்கள், அப்பாவும் சந்தோஷப்படுவார்.

பேரத்துக்கு எச்.ஆர். மேடத்தைக் கூப்பிட வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம். அந்தப் பேச்சு இப்படிப் போகும்:

"மேடம், ஆன்-கால் வாரத்துக்கு அலவன்ஸ் எவ்வளவுன்னு லெட்டர்ல போடலையே?"

"அது டீம் பாலிசிங்க. உங்க மேனேஜர்தான் சொல்லணும்."

"ரோஸ்டர்ல எத்தனை பேர் மேடம்?"

"அதுவும் அவர்கிட்டயே கேட்டுக்கோங்க. நம்பர் அனுப்பறேன்."

"சரிங்க மேடம். இப்பவே கூப்பிட்டுப் பேசிடட்டுமா?"

"இப்பவா? மணி ஆறு ஆயிடுச்சேங்க. சார் ஆபீஸ் நேரத்துலதான் போன் எடுப்பார்."